14 நாள் சென்சாரும் 32 நாள் மாதமும்

மகளின் மேற்கையில் இப்போது ஒட்டியிருப்பது சர்க்கரையை அளக்கும் 23-ஆவது சென்சார். ஒன்றுக்கு ஆயுள் 14 நாள். கிட்டத்தட்ட பத்தரை மாதமாக இதனோடு வாழ்கிறோம். முதல் வாரத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் வாயாரப் புகழ்ந்திருப்பேன். மூன்றாவது மாதத்தில் வயிறெரிந்து எழுதியிருப்பேன். இப்போது நல்லதையும் கெட்டதையும் பதற்றமில்லாமல் சொல்ல முடியும்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தோலுக்கடியில் ஓர் இழையைச் செருகி, இரவும் பகலும் சர்க்கரையை அளந்து கைபேசிக்கு அனுப்பும் சென்சார்கள் பல இருக்கின்றன. நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் கொஞ்சம் கூடக்குறையப் பொருந்தும். இன்சுலின் போட்டுக்கொள்ளும், மாதவிடாய் தொடங்கிவிட்ட பெண்பிள்ளை இருக்கும் வீட்டை நினைத்துத்தான் எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்த மதிப்புரைகளில் துல்லியம் இருந்தது, செயலி இருந்தது, பிசின் எத்தனை நாள் தாங்கும் என்பதும் இருந்தது. மாதவிடாய் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. எங்களைப் படாதபாடு படுத்திய விஷயமோ அதுதான்.

மகளுக்கு 14 வயது. 9 வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. அன்றிலிருந்து விரல் நுனிகளைக் குத்தியே காலம் தள்ளினோம். ஒரு நாளைக்கு ஆறு முறை, காய்ச்சல் கண்டால் பத்து முறை. நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவள். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்துப் பழகியவள் என்பதால் அவளுடைய சர்க்கரை நோட்டையும் அப்படியே படித்தேன். எவ்வளவு சாப்பிட்டால் எத்தனை யூனிட் இன்சுலின், சர்க்கரை 50 குறைய வேண்டுமானால் எத்தனை யூனிட் என்ற கணக்கு நாலு ஆண்டுகளில் இருவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. 13 வயதில் அவளுக்கு முதல் மாதவிடாய் வந்தது. அதன் பிறகு அந்தக் கணக்கு மாதத்தில் சில நாள்கள் செல்லுபடியாகாமல் போனது. ஒரு யூனிட் 50 குறைக்க வேண்டிய இடத்தில் 25 குறைப்பதே பெரும்பாடு. அடுத்த வாரம் அதே அளவு அவளைத் தரையில் உட்காரவைத்துவிடும். நோட்டில் ஒரு நாளைக்கு ஆறு எண்கள்தாம். அவற்றை வைத்துக்கொண்டு எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

பிடிபடாததால் அவளைச் சந்தேகித்தேன். "எனக்குத் தெரியாமல் ஏதாவது சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். ஒரு முறை அல்ல, மாதாமாதம் கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. பையைத் துழாவிப் பார்த்த நாளும் உண்டு. இந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால், துல்லியத்தைப் பற்றியோ வசதியைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. என் மகள் உண்மை பேசினாள் என்று அது எனக்குக் காட்டியது. இரண்டாவது சென்சார் முடிவதற்குள் காட்டிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் என் பக்கத்திலேயே தூங்கிய இரவுகளில், மற்ற நாள்களில் 120-ஐ ஒட்டிப் போகும் கோடு 210-இல் ஏறி நின்று விடியும்வரை இறங்கவே இல்லை. ஐந்து நாள் அப்படி. ஆறாம் நாள் காலை அவளுக்கு மாதவிடாய் வந்தது.

இதற்கான காரணம் தெரிந்த காரணம்தான். சினைமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அந்த நாள்களில் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. மாதவிடாய் தொடங்கும் நேரத்தில் ஹார்மோன் அளவு மளமளவென்று இறங்க, உடல் பழையபடி இணங்குகிறது. ஏற்றிவைத்த இன்சுலினோ உள்ளேயே இருக்கிறது. பதின்வயதில் வளர்ச்சி ஹார்மோனும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு வித்தியாசமே தெரியாது. மகளுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பெரிய நாணயத்தின் அகலம். செருகும்போது ஓர் ஊசி உள்ளே போய்த் திரும்பிவிடுகிறது. முடி போன்ற மெல்லிய இழை மட்டும் தோலடியில் தங்குகிறது. அந்த இழையில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறார்கள். 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் முன்வைத்த யோசனையின் வழிவந்தது இது. எங்களுடையது ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண் தருகிறது, ஒரு நாளைக்கு 288. அது அளப்பது இரத்தத்தை அல்ல, செல்களுக்கிடையே உள்ள நீரை. அதனால் இரத்தச் சர்க்கரைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பின்தங்கியே வரும். செருகிய முதல் நாள் எண்களை நாங்கள் நம்புவதில்லை. பிறகு விரல் குத்திப் பார்த்தால் பத்து சதவீத வேறுபாட்டுக்குள் ஒத்துப்போகிறது. இதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில். இந்தக் கருவி மாதம் என்ற ஒன்றையே அறியாது. சென்சாரின் ஆயுள் 14 நாள்; செயலி தரும் அறிக்கையும் 14 நாளுக்கானது. மருத்துவர்கள் பார்க்கும் வழக்கமான அறிக்கையும் இரண்டு வாரக் கணக்குதான். 70-க்கும் 180-க்கும் இடையே எத்தனை சதவீத நேரம் இருந்தாள் என்பதே அதில் பெரிய எழுத்தில் இருக்கும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். ஐந்தாவது சென்சார் முடிந்தபோது அறிக்கை 62 என்றது. அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அதைப் பார்த்து, எட்டு சதவீதம் போதவில்லை என்று நீண்டநேர இன்சுலினைத் தினமும் இரண்டு யூனிட் கூட்டினார். கேட்டுக்கொண்டு வந்தோம். அடுத்த பத்து நாளில் ஏழு முறை 60-க்குக் கீழே இறங்கினாள்.

அந்த 62 எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து நான் கணக்குப் பார்த்தேன். 14 நாளில் மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள் ஆறு. அவற்றில் அவள் 46 சதவீத நேரமே எல்லைக்குள் இருந்தாள். மீதி எட்டு நாளில் 74. இரண்டையும் கலந்தால் 62. அந்தப் பதினான்கு நாளில் அவள் ஒரு நாள்கூட 62-ஐ ஒட்டி இருக்கவில்லை. இல்லாத ஒரு பெண்ணுக்கு மருந்து எழுதப்பட்டது. இருக்கும் பெண் மயங்கி விழப் பார்த்தாள்.

செயலியில் உணவைக் குறிக்க இடம் இருக்கிறது. உடற்பயிற்சிக்கு ஒரு படம், இன்சுலினுக்கு ஒரு படம். மாதவிடாயைக் குறிக்க எதுவும் இல்லை. 'குறிப்பு' என்று பொதுவாக ஓர் இடம் உண்டு. அதில் எழுதினால் அந்தச் சொல் அந்த நாளின் அடியில் சின்னதாகக் கிடக்கும், அறிக்கைக்குள் வராது. முதல் நாளிலிருந்து எண்ணி மாதங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் வழியும் இல்லை. இன்சுலின் போடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். அவர்களில் வளர்ந்தவர்களுக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை நடக்கும் ஒன்றுக்குக் குறிக்க ஓர் இடம்கூட வைக்கவில்லை என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் நன்றி சொல்லிப் பதில் வந்தது.

ஆகவே நானே செய்தேன். ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் அச்சிட்டு, நீளவாக்கில் பட்டையாக வெட்டி, மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து வரிசையாக ஒட்டினேன். ஒரு மாதம் ஒரு பட்டை. அடுத்த மாதம் அதன் கீழே. ஐந்து மாதங்கள் சேர்ந்ததும் சாப்பாட்டு மேசையின் இரு ஓரங்களையும் தாண்டியது. 32 நாள், 29, 37, 31, 33. பதின்வயதில் முதல் சில ஆண்டுகள் சுழற்சி இப்படித்தான் முன்பின்னாக இருக்கும், 21 முதல் 45 நாள் வரை இயல்பு என்றே வைத்திருக்கிறார்கள். அதனால் நாள்காட்டியை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் பட்டைகளின் வலது ஓரத்தை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தபோது, ஐந்திலும் கடைசி ஐந்தாறு நாள் ஒரே இடத்தில் மேடு கட்டியிருந்தது. அவள்தான் முதலில் விரல் வைத்துக் காட்டினாள். ஐந்து பட்டைகளின் குறுக்கே மேலிருந்து கீழாக விரலை இழுத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சந்தேகப்பட்டதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பட்டைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் மேசையைக் காலி செய்து விரித்துப் பார்த்தார். நீண்டநேர இன்சுலின் வழக்கமாக 18 யூனிட். இரவுக் கோடு இரண்டு நாள் தொடர்ந்து ஏறி நின்றால் 20. அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு நாள் கழித்து 21. இரத்தம் பட்ட அன்று மறுபேச்சில்லாமல் 18. அன்று பகலில் உணவுக்கான இன்சுலினையும் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஏனென்றால் முந்தின இரவு போட்ட 21-ஐத் திரும்ப எடுக்க முடியாது. 250-க்கு மேல் நின்றாலோ வாந்தி வந்தாலோ கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும், 0.6-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 1.5-ஐத் தாண்டினால் உடனே அவரை அழைக்க வேண்டும், 3 என்றால் நேராக மருத்துவமனை. இவை என் மகளுக்கு அவர் சொன்ன அளவுகள். உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் சொல்லும் எண்கள் வேறாக இருக்கும், இதைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி, எந்த மதிப்புரையிலும் நான் பார்க்காத விஷயம். மாதவிடாயின் முதல் நாள்தான் இந்தக் கருவி மிகவும் தேவைப்படும் நாள். அது பொய் சொல்ல வாய்ப்பு மிக அதிகம் உள்ள நாளும் அதுவே.

ஏழாவது மாதம். காலையில் தொடங்கியிருந்தது. இரவு வயிற்றுவலி. இடதுபக்கமாகச் சுருண்டு, முழங்காலை மார்புவரை இழுத்து, வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சென்சார் இடதுகையில். உடல் பாரத்தில் சென்சார் நசுங்கினால் அந்த இடத்துக்கு நீரோட்டம் குறைந்து, சர்க்கரை சரிந்ததுபோல எண் காட்டும். முந்தைய மாதம் அப்படி இரண்டு இரவு பொய்யாக அலறியிருந்தது. புரட்டிப் படுக்கவைத்தால் பத்து நிமிடத்தில் 110-க்கு ஏறிவிடும். எனவே அன்று இரவு 11 மணிக்குக் கைபேசி 58 என்று அலறியபோது எழுந்துபோய் அவளை வலதுபக்கம் திருப்பினேன். விளக்கைக்கூடப் போடவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் கை ஈரமாக இருப்பதை உணர்ந்தேன். அவள் கழுத்தின் வேர்வை. விளக்கைப் போட்டு விரலைக் குத்தினேன். 55.

15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு. விரலில் 66. மறுபடியும் 15 கிராம். விரலில் 94. அந்த நேரத்திலும் சென்சார் 61 என்று அலறிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அது பின்தங்கி வருவது. அந்த அலறலைக் கேட்டுப் பதறி இன்னும் இன்னும் கொடுத்தால் விடியலில் 300-இல் போய் நிற்கும். அந்தத் தவறையும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

பிறகு நீரிழிவுச் செவிலியரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இரவு ஊசியை எங்கே போட்டாள்?" வயிற்றில். "வெந்நீர்ப் பையை எங்கே வைத்திருந்தாள்?" வயிற்றில். சூடு பட்டால் அங்கே போட்ட இன்சுலின் வேகமாக உடலில் சேரும். நாங்கள் யோசித்தே பார்க்காத ஒன்று. இப்போது அந்த இரண்டு நாள் ஊசி தொடையில், சென்சார் அவள் சுருண்டு படுக்காத வலதுகையில், வெந்நீர்ப் பை மட்டும் வயிற்றில்.

அடுத்தது வலி மாத்திரை. சில வகைச் சென்சார்களில் பாராசிட்டமால் எண்ணை உயர்த்திக் காட்டும். வேறு சிலவற்றில் அதிக அளவு வைட்டமின் சி அப்படிச் செய்யும். எங்களுடையது முதல் வகை. கையேட்டில் அதைச் சொல்லியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. 40 பக்கத்துக்குப் பிறகு, சிறிய எழுத்தில், 'குறுக்கிடும் பொருள்கள்' என்ற தலைப்பின் கீழ். எழுத்துப் பிழை தேடிப் பிழைப்பு நடத்தும் எனக்கே அது கண்ணில் படவில்லை. ஒரு பிற்பகல் பள்ளியிலிருந்து வந்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். சென்சார் 148. நிம்மதியாக இருந்தேன். அவள் பேச்சு இழுத்தாற்போல இருந்ததால் விரலைக் குத்தினேன். 73, இறங்கிக்கொண்டும் இருந்தது. சர்க்கரை சரியும் நாளிலேயே வலி மாத்திரையும் போடுவோம். அந்த மாத்திரை சரிவை மறைக்கும். மாதவிடாய் வலிக்கு உலகெங்கும் பிள்ளைகள் விழுங்கும் மாத்திரை இது. அந்த எச்சரிக்கை பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும். எந்தச் சென்சாரை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்தவுடன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். வலிக்கு எந்த மருந்து பாதுகாப்பு என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரல் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரையும் அதன் சோதனைப் பட்டைகளையும் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

கருவிக்கு நான் மனமார நன்றி சொல்லும் இடம் ஒன்று உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை இரத்தத்தில் பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 8.0 என்று வந்தது. செயலியோ, சராசரி 163 என்றும் அதற்கு ஈடான ஹெச்பிஏ1சி 7.2 என்றும் கணித்திருந்தது. நான் செயலியைத்தான் சந்தேகித்தேன். புதிய மருத்துவர் சந்தேகித்தது வேறு ஒன்றை. "மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, எத்தனை அணையாடை மாற்றுகிறாய்?" என்று மகளிடமே நேராகக் கேட்டார். எட்டு நாள். முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. என்னிடம்கூட அவள் சொன்னதில்லை; எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். ஹீமோகுளோபின் 9.8, இரும்புச் சத்தும் குறைவு. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை, ஹெச்பிஏ1சி-யை உள்ளதைவிட உயர்த்திக் காட்டக்கூடும். நாலு மாதம் இரும்பு மாத்திரை எடுத்தபிறகு ஆய்வகம் 7.3 என்றது, செயலியும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. இரண்டு எண்களும் முரண்பட்டிராவிட்டால் அவள் மாடிப்படியில் மூச்சு வாங்குவதைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதியிருப்போம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசின் அவளுக்கு அரிப்பு தருகிறது. கழற்றிய இடத்தில் மூன்று நாள் சிவந்த வட்டம் நிற்கும். கைமாற்றிக் கைமாற்றி ஒட்டுவதால் சமாளிக்கிறோம். மூன்று சென்சார்கள் பாதியில் செத்தன, மாற்றுக் கொடுத்தார்கள். பள்ளியில் கைபேசி கூடாது என்ற விதிக்கு மருத்துவர் கடிதத்தோடு விலக்கு வாங்கினோம். 55-க்குக் கீழே போனால் வரும் அலறலை நிறுத்த முடியாது. தேர்வு அறையில் ஒருமுறை அலறி, எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அதற்காக அந்த அலறலை நிறுத்தும் வசதி வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். செலவு தொடர்செலவு, தாங்காத வீடுகள் நிறைய இருக்கும். எல்லா நாளும் போட முடியாது என்றால், மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பாகத் தொடங்குவதுபோல ஒன்று போடுங்கள். என் அனுபவத்தில் அந்த 14 நாள்தான் நோட்டுக்குப் பிடிபடாத நாள்கள்.

கடைசியாக, 'பின்தொடர்தல்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் வசதி. மகளின் எண்ணையும் வரைபடத்தையும் குடும்பத்தார் தங்கள் கைபேசியில் பார்க்கலாம். நானும் அவளுடைய அப்பாவும் பார்த்தோம். பெற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் இரவு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பியும் இருந்தான். அவள் அப்பா கைபேசியைப் பார்த்துவிட்டு, அக்கறையோடுதான், "கோடு ஏறத் தொடங்கிவிட்டதே, இன்னும் நாலு நாளில் வந்துவிடும் போலிருக்கிறதே" என்றார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆறு மணி நேரம் எந்த எண்ணும் வரவில்லை. கைபேசியின் புளூடூத்தை அவளே அணைத்துவைத்திருந்தாள். மாலையில் நான் கோபித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "என் உடம்பில் நடப்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் உங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, அம்மா."

அந்தக் காகிதப் பட்டைகளை ஒட்டியபோது இதை நான் நினைக்கவே இல்லை. மேட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அது யாருடைய மேடு என்பதை மறந்திருக்கிறேன். செயலியில் இதற்கு வழி தேடினேன். ஆபத்து எச்சரிக்கை மட்டும் எங்களுக்கு வரவேண்டும், வரைபடம் அவளுக்கு மட்டும் தெரிய வேண்டும். எங்களுடைய செயலியில் அப்படிப் பிரிக்க முடியாது. காட்டினால் முழுதும் காட்டும், மறைத்தால் முழுதும் மறைக்கும். பதின்வயதுப் பிள்ளைக்கான கருவியில் இதைவிடப் பெரிய குறையை என்னால் சொல்ல முடியாது. வெட்கத்தில் சென்சாரையே கழற்றி வைத்துவிடும் பிள்ளைக்கு எந்தத் துல்லியமும் உதவாது.

நாங்களாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அப்பாவின் கைபேசியிலிருந்து செயலி போய்விட்டது. அவரே எடுத்துவிட்டார், அவளிடம் வருத்தமும் தெரிவித்தார். என் கைபேசியில் இருக்கிறது, ஆனால் அலறினால் ஒழிய நான் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலை அவள் விரும்பினால் என்னோடு உட்கார்ந்து பட்டை ஒட்டுகிறாள். 1 என்ற எண்ணை எங்கே எழுதுவது என்பது அவள் கையில் உள்ள சிவப்புப் பென்சிலின் வேலை. முதல் சில நாள்கள் திறக்காமலிருப்பது எனக்குக் கடினமாக இருந்தது. வேலை செய்யும் மேசையில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரே வரியை நாலு முறை படித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை இரவு பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். "இரண்டு நாளாக ஏறுகிறது. இன்று 20 போட்டுவிட்டேன். நீ திறந்து பார்க்க வேண்டாம்" என்றாள்.

நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பட்டையில் சிவப்புப் பென்சிலால் 1 எழுதியிருந்தது. குளிர்பெட்டியில் இன்சுலின் பேனாவைச் சுற்றியிருந்த காகிதத்தில், அவள் கையெழுத்தில், 18.